பாம்பன் கரையை ஸ்கிராப்புக் பக்கமா மாத்தணும்: வலை, பாசி, பனையோலை வச்சு சொந்தமா ஒரு கிட் செய்றது எப்படி?

பாசிக்காரம்மா மகள், பாம்பன்

எல்லாருக்கும் வணக்கம். எங்கம்மாவுக்காக ஒரு டிஜிட்டல் ஸ்கிராப்புக், அதாவது போட்டோ, தாள், அலங்காரம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே அடுக்குற ஆல்பம், செஞ்சுக்கிட்டு இருக்கேன். அம்மா பாம்பன் தென்கடல்ல (மன்னார் வளைகுடா பக்கம்) பாசி எடுத்தவங்க. விரல்ல துணியைச் சுத்தி, சேலைக்கு மேல பழைய சட்டை ஒண்ணைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கிட்டு முங்குவாங்க. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை எது கையில பட்டாலும் பார்க்காமலே பேர் சொல்லிடுவாங்க. இப்ப முழங்கால் வலி, கடலுக்குப் போறதில்லை. பேரப்பிள்ளைங்க புரட்டிப் பார்த்தா அவங்க பட்ட பாடும் தெரியணும், அவங்க கெட்டிக்காரத்தனமும் தெரியணும். அதுக்குத்தான் இந்த வேலை.

இலவசமாக் கிடைக்கிற கிட் (பக்கம் செய்யத் தேவையான தாளும் அலங்காரப் படங்களும் சேர்ந்த தொகுப்பு) எதைத் திறந்தாலும் மேப்பிள் இலை, பனிப்பூ, செர்ரிப் பூ. செஞ்சவங்க கைவேலையில ஒரு குறையும் இல்லை. ஆனா குந்துகால் கரையில நிக்கிற எங்கம்மா தலைக்கு மேல பனி பெய்ஞ்சா அது அவங்க பக்கமா இருக்காது. 'கடற்கரை'ன்னு பேர் வச்ச கிட்டுல கூட கோடு போட்ட குடை, சாய்வு நாற்காலி, நங்கூரம், நட்சத்திர மீன்தான் இருக்கு. காத்து வாங்கப் போறவங்களோட கரை அது. வேலைக்குப் போறவங்க கரையில கிடக்கிற சாமானே வேற. நைலான் வலை, மிதவை, உப்பு பூத்த கயிறு, பனையோலைப் பெட்டி, மணல்ல காயப் போட்ட பாசி. அதெல்லாம் அம்மா பக்கத்துல வரணும். யாரும் செஞ்சு வைக்கலைன்னா நானே செஞ்சுக்கிறேன். செஞ்சதை நம்ம ஆளுங்க எல்லாருக்கும் குடுக்கவும் ஆசை.

கம்ப்யூட்டர்ல படம் திருத்துற இலவச மென்பொருள் கிம்ப் வச்சிருக்கேன், படம் எடுக்கிறது போன்ல. பக்கம் 12-க்கு 12 அங்குலம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 3600-க்கு 3600 பிக்சல். லேயர் (படங்களை அடுக்கு அடுக்கா வைக்கிறது), மாஸ்க் (ஒரு பகுதியை மறைக்கிறது), ட்ராப் ஷேடோ (பொருளுக்குக் கீழ விழுற நிழல்) வரைக்கும் கை பழகிடுச்சு. கேக்க வேண்டியது இதுதான்.

வலையை எப்படிப் பின்னணியில இருந்து பிரிக்கிறது? கண்ணி கண்ணியா வெட்டுறது நடக்கிற காரியம் இல்லை. எனக்கு வேண்டியது போட்டோ ஓரத்துல நிஜ வலை ஒண்ணு சரிஞ்சு தொங்குற மாதிரி. பாசியும் அப்படித்தான், மயிரிழை மாதிரி கிளைகள். ஓலைப்பாயைப் பின்னணித் தாளா வச்சா நெசவு முன்னுக்கு வந்து அம்மா முகம் பின்னுக்குப் போயிடுது, அதை எப்படி அடக்குறது?

இன்னும் ரெண்டு. டிரங்குப் பெட்டியில இருந்து எடுத்த ஒரு கலர் போட்டோ, 80-கள்ல எடுத்தது, முழுக்கச் செவந்து கிடக்கு. அம்மா கல்யாணப் போட்டோ கருப்பு வெள்ளை, ஃப்ரேம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. உப்புக் காத்து ஊர்ல இது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். உரிக்க எனக்கு மனசு வரலை. என்ன பண்ணலாம்?

கீழக்கரைக்காரன், இப்போது ஷார்ஜா

சகோதரி, முதல்ல கல்யாணப் போட்டோ. உரிக்காதீங்க. கண்ணாடியில ஒட்டியிருக்கிறது படம் பதிஞ்ச ஜெலட்டின் பூச்சு. இழுத்தா காகிதம் உங்க கையில வரும், முகம் கண்ணாடியிலேயே நிக்கும். கண்ணாடியோட சேர்த்தே படம் எடுத்துருங்க. ஸ்கேனர்ல கவுத்து வைக்கலாம்னு தோணும். ஆனா இப்ப கடையில கிடைக்கிற மெல்லிசான ஸ்கேனர் பலதும், கண்ணாடிக்கு மேல ரெண்டு மூணு மில்லிமீட்டர் தள்ளி இருக்கிற பொருளை மங்கலாத்தான் பிடிக்கும். போன் கேமராவே நல்லது. ஃப்ரேமைச் சுவர்ல சாய்ச்சு வைங்க. ரெண்டு பக்கமும் சுமார் 45 டிகிரி சாய்வுல ஒரே மாதிரி விளக்கு. போனுக்குப் பின்னாடி கறுப்புத் துணி ஒண்ணைத் தொங்க விட்டு, நடுவுல ஓட்டை போட்டு லென்ஸை மட்டும் நீட்டுங்க. கண்ணாடியில உங்க முகமும் தெரியாது, ஜன்னலும் தெரியாது. கொஞ்சம் தள்ளி நின்னு சூம் பண்ணி எடுத்தா ஓரம் வளையாது. எங்க வாப்பாவோட பழைய கடைப் படத்தை இப்படித்தான் காப்பாத்துனேன்.

செவந்த போட்டோவுக்கு வருவோம். கலர் பிரிண்டுல மூணு சாயம், சியான், மெஜந்தா, மஞ்சள். அந்தக் காலத்துக் காகிதம் பலதுல, வெளிச்சமே படாம பெட்டிக்குள்ள கிடந்தாலும் முதல்ல வெளுக்கிறது சியான். அது போயிட்டா மிச்சம் இருக்கிறது சிவப்பாத்தான் தெரியும். மேல நீலத்தைத் தடவி இது சரியாகாது. 600 டிபிஐயில ஸ்கேன் பண்ணுங்க. கிம்ப்ல கலர்ஸ் மெனுவுல லெவல்ஸ் திறந்து, சேனல்ல ரெட் மட்டும் எடுத்தா வரைபடம் இடது ஓரத்தைத் தொடாம தள்ளி ஆரம்பிக்கிறது தெரியும். கறுப்பு முக்கோணத்தை அது ஆரம்பிக்கிற இடம் வரை நகர்த்துங்க. முடி, கண் கருவிழி, நிழல் எல்லாம் அப்பவே பாதி சரியாகிடும். பச்சை, நீலம் சேனலுக்கும் அதே மாதிரி. கடைசியா நடு முக்கோணம், அதுல கை ரொம்ப மெதுவாப் போகணும்.

ஆட்டோ பட்டனை மட்டும் நம்பாதீங்க. வெயில்ல கருத்த முகத்தை அது வெளுக்க வச்சுடும். உங்கம்மாவை இன்னைக்கு வாசல்ல, நிழல்ல நிக்க வச்சு ஒரு படம் எடுத்துப் பக்கத்துலயே திறந்து வைங்க. அவங்க கை நிறம்தான் உங்களுக்கு அளவுகோல்.

எவ்வளவு இழுத்தும் நிறம் திரும்பலைன்னா கருப்பு வெள்ளையா மாத்திடலாம். சும்மா டீசாச்சுரேட் போட்டா வெளுத்துப் போன ரெட் சேனலும் கலந்து முகம் சப்பையாகிடும். மோனோ மிக்சர் எடுத்து பச்சையை மட்டும் 1 வச்சு மத்த ரெண்டையும் 0 ஆக்குங்க. கண்ணோரச் சுருக்கம், சேலைக் கரை எல்லாம் பச்சை சேனல்லதான் பத்திரமா இருக்கும்.

இனி வலை. வெட்டவே வேண்டாம். வெள்ளை வேட்டி இருந்தா அது மேல வலையை விரிச்சு, மேகம் மூடின நேரத்துல நேர் மேல இருந்து எடுங்க. வெயில் அடிச்சா வேட்டி மேல வலையோட நிழல் விழுந்து நூல் ரெண்டு ரெண்டாத் தெரியும். கிம்ப்ல கலர் டு ஆல்ஃபான்னு ஒரு கட்டளை இருக்கு. வெள்ளையைத் தேர்ந்தெடுத்தா வெள்ளை முழுக்க ஒளி ஊடுருவுற மாதிரி மாறிடும், நூல் மட்டும் நிக்கும். அதுக்கு முன்னாடி லெவல்ஸ்ல வேட்டியைச் சுத்த வெள்ளை ஆக்கிடுங்க, இல்லைன்னா சாம்பல் படலம் தங்கும். பிஎன்ஜியா சேமிங்க. ஜேபெக் ஆக்கினா அந்த ஊடுருவல் போயிடும்.

அவசரத்துக்கு இன்னொரு வழி. வலைப் படத்தை மேல வச்சு லேயர் மோடை மல்டிப்ளை ஆக்கினா வெள்ளை தானா மறையும். கறுத்த ஈர மணல்ல வர்ற அலை நுரைக்கு அதுக்கு நேரெதிர், ஸ்க்ரீன் மோட். கறுப்பு மறைஞ்சு நுரை மட்டும் நிக்கும். நான் வீட்டு ஆல்பத்துல ஈரக் கடற்கரை நுரையை இப்படித்தான் பக்க ஓரமா ஓட விட்டிருக்கேன். உம்மா தொதல் இனிப்பு கிண்டுற பக்கத்துல அந்தச் சட்டியில இருந்து எழும்புற ஆவியும் அதே ஸ்க்ரீன் மோடுதான். பின்னாடி கறுப்புத் துணி கட்டி எடுத்தது.

பாலம் பார்க்கும் பையன், மண்டபம்

அக்கா, செம ஐடியா. ஆனா போட்டோவுக்கு இவ்வளவு கஷ்டப்படணுமா? இப்ப ஏஐ ஆப்ல போட்டா செகப்பும் போயிடும், முகமும் பளிச்சுன்னு வந்துடும், கருப்பு வெள்ளைக்குக் கலரும் அதுவே போட்டுக் குடுக்கும்.

என் பங்குக்கு ஒரு எஃபெக்ட் சொல்றேன். எங்கப்பா ஃபிலிம் கேமராவுல, ரோட்டுப் பாலத்து மேல நின்னு பழைய பாம்பன் ரயில் பாலத்தை எடுத்த படம் ஒண்ணு இருக்கு. 1914-ல திறந்த பாலம், நடுவுல ரெண்டு கையும் தூக்குற மாதிரி மேல திறந்துச்சு. 2022 டிசம்பர்ல அதுல ரயில் நின்னுச்சு. புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்தாங்க, இதுல நடுத்துண்டு லிஃப்ட் மாதிரி நேரா மேல போகும். நான் அப்பா நின்ன அதே இடத்துல நின்னு புதுசை எடுத்து, ரெண்டையும் ஒரே பக்கத்துல கலந்தேன். பழைய படத்தை மேல் லேயரா வச்சு, அடியில உள்ளது பாதி தெரியுற மாதிரி ஒபாசிட்டியை 50 ஆக்கணும். ரெண்டு படத்துலயும் மாறாத ஒண்ணைப் பிடிக்கணும். எனக்குத் தொடுவானக் கோடும் ரோட்டுப் பாலத்துக் கைப்பிடிச் சுவரும் கிடைச்சுது. யூனிஃபைட் ட்ரான்ஸ்ஃபார்ம் டூலால மூலையைப் பிடிச்சு இழுத்து அதுங்களை ஒண்ணு மேல ஒண்ணு உக்கார வச்சேன். ஒபாசிட்டியை 100 ஆக்கிட்டு லேயர் மாஸ்க்ல இடது கறுப்பு, வலது வெள்ளைன்னு மெல்ல மாறுற ஒரு க்ரேடியன்ட். இடது பக்கம் இன்னைக்கு, வலது பக்கம் அப்பா காலம், நடுவுல கடல் ரெண்டுக்கும் பொதுவா ஓடுது. க்ரேடியன்ட் தண்ணி மேல விழுற மாதிரி பார்த்துக்கணும். தூண் மேல விழுந்தா பாதித் தூண் பேய் மாதிரி நிக்கும்.

அம்மா நின்ன கரையிலயே இன்னைக்கு ஒரு படம் எடுத்து இப்படிக் கலந்து பாருங்க அக்கா.

பாசிக்காரம்மா மகள், பாம்பன்

கீழக்கரை பாய், ரொம்ப நன்றி. ரெட் சேனலைத் திறந்து பார்த்தேன், நீங்க சொன்ன மாதிரியே வரைபடம் தள்ளித்தான் ஆரம்பிக்குது. கறுப்பு முக்கோணத்தை நகர்த்துன உடனே அம்மா சட்டையோட நீலம் திரும்பிடுச்சு. அது நீலச் சட்டைன்னே எனக்கு இப்பத்தான் தெரியும். அம்மாகிட்ட காட்டுனேன், அப்பாவோட சட்டையாம்.

தம்பி, பாலத்து எஃபெக்ட் அருமை, கண்டிப்பா எடுத்துக்கிறேன். குந்துகால்ல நின்னா எதிர்ல தெரியுற தீவோட கோடு மாறாதது, அதையே பிடிச்சுக்கலாம். ஏஐ விஷயத்துல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். தங்கச்சி அம்மா படத்தை அப்படி ஒரு ஆப்ல போட்டு அனுப்புனா. கண்ணு பெருசாகி, மூக்கு ஒடுங்கி, கன்னத்துல இருந்த தழும்பே காணோம். மங்கலான இடத்துல என்ன இருந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது, வேற ஆயிரம் முகத்தைப் பார்த்துக் கத்துக்கிட்டதை அங்க வச்சு நிரப்புது. அந்தத் தழும்பு கடலுக்கு அடியில பாறை கிழிச்சது. அது இல்லாம பாசிக்காரி பக்கம் எதுக்கு? மங்கலா இருந்தா இருக்கட்டும், அம்மாவா இருந்தாப் போதும். தூசி, கீறல், ஓரத்துல பூஞ்சை இதையெல்லாம் ஹீல் டூலால எடுப்பேன். முகத்துல கை வைக்க மாட்டேன். வானம், துணி, பின்னணிக்கு நீங்க எந்த ஆப் வேணும்னாலும் போடுங்க, அதுல எனக்கு ஆட்சேபணை இல்லை.

வலையும் வந்துடுச்சு. பெரியப்பா வேட்டியில விரிச்சு எடுத்தேன். ஆனா ட்ராப் ஷேடோ போட்டா வலை தாள்ல ஒட்ட வச்ச ஸ்டிக்கர் மாதிரி தட்டையா இருக்கு. பாசியைப் பத்தியும் யாராவது சொல்லுங்க.

ஓய்வுபெற்ற டீச்சர், தங்கச்சிமடம்

அன்புள்ள மகளுக்கு. உன் கேள்வியைப் படித்ததும் எனக்குக் கை பரபரத்தது. பல காலமாக நானும் பேத்திகளுக்காகப் பக்கங்கள் செய்கிறேன். நம் ஊர்ப் பொருள்களில் இருந்து தாள் செய்யும் ஆசை எனக்கும் உண்டு. ஓலைப்பாய், சுளகு, ஓலைக் கொட்டான், மல்லிகை நாற்றுக் கட்டு என்று நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

பாசியை உலர்த்தி எடுக்காதே, சுருங்கிவிடும். அகலமான வெள்ளைத் தட்டில் கடல்நீர் ஊற்றி, கரை ஒதுங்கிய பாசியில் ஒரு கொத்தை மிதக்க விடு. தண்ணீருக்குள் ஒவ்வொரு கிளையும் தானாக விரிந்து கொடுக்கும். ஊசியால் லேசாக ஒதுக்கி அழகுபடுத்தலாம். தட்டு நிழலில் இருக்கட்டும், தண்ணீர் மேல் வானம் பளபளக்கக் கூடாது. அதன் பிறகு கீழக்கரைத் தம்பி சொன்ன அதே கலர் டு ஆல்ஃபா. மரிக்கொழுந்துப் பாசி எனக்கு இப்படித்தான் கிடைத்தது, பக்க மூலையில் பூவேலை போல அமர்கிறது.

இந்த இடத்தில் ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், கிட் செய்யும் எல்லோருக்கும். பவளத்தையும் கடல் விசிறியையும் கடற்குதிரையையும் படத்துக்காகக்கூடக் கையில் எடுத்து வரக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அவை 2001-இல் சேர்க்கப்பட்டவை. இறந்து ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் கிடக்கும் இடத்திலேயே படம் எடுத்துவிட்டு வந்துவிடு. பவளக்கல் வேண்டுமென்றால் தனுஷ்கோடியில் 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த தேவாலயச் சுவர் இருக்கிறது. மாலை நான்கரை ஐந்து மணிக்குப் போனால் பக்கவாட்டு வெயிலில் ஒவ்வொரு கல்லின் துளையும் நிழல் கொண்டு நிற்கும். தொடாமல், சாயாமல் எடு. அதைவிட நல்ல தாள் எந்தக் கிட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

நெசவு தெரிய வேண்டிய பொருள் எல்லாவற்றுக்கும் பக்கவாட்டு ஒளிதான். ஓலைப்பாயைக் காலையில் வெயில் சாய்ந்து விழும்போது முற்றத்தில் விரித்து எடு. வலை, பாசி போல வெட்டி எடுக்க வேண்டியவற்றுக்கு மூடிய வானம். இந்த இரண்டையும் மாற்றிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேலை மிச்சம்.

அளவைப் பற்றி. உன் போன் படம் 12 மெகாபிக்சல் என்றால் பெரும்பாலும் 4000-க்கு 3000 பிக்சல் இருக்கும். அதில் சதுரமாக வெட்டினால் 3000 தான். 12 அங்குலப் பக்கத்துக்கு 3600 வேண்டும். இழுத்துப் பெரிதாக்கினால் ஓலை நார் மழுங்கிவிடும். பாயை இரண்டு படமாக எடுத்து இணைக்கலாம், அல்லது பக்கத்தையே 10 அங்குலம் ஆக்கிவிடலாம், அப்போது 3000 சரியாகப் பொருந்தும். நான் 10 அங்குலத்துக்கு மாறிவிட்டேன்.

நெசவு முகத்தை விழுங்குவதற்குக் காரணம் நிறம் மட்டும் அன்று, அளவும்தான். ஓலையின் ஒரு கட்டம் முகத்தில் கண் அளவுக்கு வந்துவிட்டால் பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். பாயைச் சிறிதாக்கி, நான்கு பக்கமும் திரும்பத் திரும்ப அடுக்கு. அடுக்கும்போது தையல் தெரியாமல் இருக்க ஆஃப்செட் கட்டளையில் அகலத்திலும் உயரத்திலும் பாதி நகர்த்தினால் ஓரங்கள் நடுவுக்கு வந்துவிடும். நடுவில் தெரியும் கோட்டை க்ளோன் டூலால் ஓலை ஓலையாகச் சேர்த்துவிடு. பிறகு கான்ட்ராஸ்ட்டைக் குறை. அதற்கு மேல், போட்டோவுக்கு அடியில், வேலைப்பாடு எதுவும் இல்லாத ஒற்றை நிறத் தாள் ஒன்றைக் கொஞ்சம் பெரிதாக வை. முகத்துக்கும் நெசவுக்கும் நடுவே மூச்சு விட இடம் கிடைக்கும்.

அந்தத் தாளின் நிறத்தைக் கற்பனையில் தேடாதே. நம் கண்முன் இருப்பதை ஐட்ராப்பரால் தொட்டு எடு. கருப்பட்டியின் பழுப்பு, களத்தில் காயும் முண்டு மிளகாயின் சிவப்பு, வடகடலின் கலங்கிய பச்சை, தென்கடலின் நீலம். நம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, அதன் நிறத்துக்குத் தாளில் இடம் கொடுக்க வேண்டாமா!

எழுத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் வார்த்தைகளைத் தமிழில் எழுது. கிம்ப்பில் யூனிகோடு தமிழ் உடையாது. பழைய ஃபோட்டோஷாப்பில் கொம்பும் காலும் பிரிந்து போனால் விருப்பத் தேர்வுகளில் டைப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை மாற்ற வேண்டும். கேடமரன், மீரா இனிமை, முக்தா மலர், நோட்டோ தமிழ் ஆகிய எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, பகிர்ந்து கொள்வதில் தடை இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து கோப்பைக் கொடுத்தால், அந்த எழுத்துரு இல்லாதவருக்கு வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் திறக்கும்.

கீழக்கரைக்காரன், இப்போது ஷார்ஜா

டீச்சர் சொன்ன தட்டுத் தண்ணி யோசனை அற்புதம். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது முதல் வேலை அதுதான்.

சகோதரி, வலை தட்டையாத் தெரியுறதுக்குக் காரணம் எல்லா நூலுக்கும் நிழல் ஒரே தூரத்துல விழுறதுதான். நிஜ வலை கட்டுன இடத்துல தாளை ஒட்டி இருக்கும், தொங்குற இடத்துல தாளை விட்டு விலகி நிக்கும். அதனால ட்ராப் ஷேடோவைத் தனி லேயரா வச்சுக்குங்க. வார்ப் டூலால தொங்குற பகுதியோட நிழலை மட்டும் கீழ தள்ளி விடுங்க. அந்த இடத்துல கொஞ்சம் பிளர் கூட்டி, ஒபாசிட்டியைக் குறைங்க. ஒட்டியிருக்கிற இடத்துல நிழல் மெல்லிசா, அடர்த்தியா இருக்கட்டும். அப்புறம் பாருங்க, கை வச்சுத் தூக்கலாம் போல இருக்கும்.

எல்லாப் பொருளோட நிழலும் ஒரே திசையில விழணும். போட்டோ ஃப்ரேமுக்கு வலது கீழ, வலைக்கு இடது கீழன்னு இருந்தா பார்க்கிறவங்களுக்குக் காரணம் தெரியாட்டியும் பக்கம் பொய்யாத் தெரியும். ஓலைப்பாய்ல காலை வெயில் இடப்பக்கம் இருந்து விழுந்திருந்தா மத்த நிழலும் அதுக்கு ஒத்துப் போகணும்.

பிரிண்டுக்குக் குடுக்கிறப்ப ஓரத்துல வெட்டுப்படும், அதனால சுத்தி 3 மில்லிமீட்டர் கூடுதலா விட்டு, எழுத்தையும் முகத்தையும் உள்ளே தள்ளி வைங்க. பிரிண்ட் போடுற லேபுக்கு எஸ்ஆர்ஜிபி நிற முறை போதுமான்னு முன்னாடியே கேட்டுக்குங்க. திரையில பார்க்கிறதைவிட தாள்ல இருட்டாத்தான் வரும். ஒரு பக்கம் மட்டும் அடிச்சுப் பார்த்துட்டு மிச்சத்தைக் குடுங்க. முக்கியமா வாட்ஸ்அப்ல படமா அனுப்பாதீங்க, சுருக்கிடும். டாக்குமென்டா அனுப்புங்க.

ஓய்வுபெற்ற டீச்சர், தங்கச்சிமடம்

கிட்டைப் பகிர்வது பற்றி ஒரு வார்த்தை. தாள்களை ஜேபெக்காகவும், வெட்டிய பொருள்களை பிஎன்ஜியாகவும் தனித்தனிக் கோப்புறையில் வைத்து ஜிப் செய். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டும் சிறிய மாதிரிப் படம் ஒன்றும் வேண்டும். கூடவே சின்ன உரைக் கோப்பு: சொந்த ஆல்பத்துக்கு யாரும் பயன்படுத்தலாம், விற்கக் கூடாது, இன்னொரு கிட்டில் சேர்த்துத் தன் பெயரில் கொடுக்கக் கூடாது. நீ விரும்புவதை நீயே எழுது, ஆனால் எழுதாமல் விடாதே. அம்மாவின் முகமோ வீட்டாரின் முகமோ கிட்டுக்குள் போக வேண்டாம். போன் படத்துக்குள் எடுத்த இடம் பதிந்திருக்கும். ஏற்றுமதி செய்யும்போது எக்ஸிஃப் என்ற கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிட்டால் அதுவும் போகாது.

பாலம் பார்க்கும் பையன், மண்டபம்

அக்கா, தழும்பு விஷயம் சொன்னதும் எங்கப்பா படத்துல ஏஐ என்ன பண்ணியிருக்குன்னு ஒரிஜினலோட வச்சுப் பார்த்தேன். மீசையையே மாத்தியிருக்கு. ஒரிஜினலை வச்சே பக்கத்தைத் திரும்பச் செய்றேன். கிட்டுக்கு மண்டபம் பக்கம் இருந்து என்ன வேணும்னு சொல்லுங்க. மிதவை, படகுல உரிஞ்ச பெயின்ட், துருப்பிடிச்ச சங்கிலி எல்லாம் நம்ம கரையில நிறையக் கிடக்கு.

பாசிக்காரம்மா மகள், பாம்பன்

டீச்சரம்மா, பக்கத்தை 10 அங்குலத்துக்கு மாத்திட்டேன். ஓலையைச் சின்னதாக்கி அடுக்கி, நடுவுல கருப்பட்டி நிறத்துல ஒரு தாள் வச்சதும் அம்மா முகம் முன்னுக்கு வந்துடுச்சு. பாய் சொன்ன மாதிரி வலை நிழலை வார்ப் பண்ணிப் பார்த்தேன். வலை இப்ப நிஜமாவே தொங்குது. பெரியப்பா திரையைப் பார்த்துட்டு, இது என் வலைதானேன்னு கேட்டாரு.

தட்டுல பாசி எடுக்கிறப்ப அம்மாவே வந்து உக்காந்துட்டாங்க. ஊசியால ஒவ்வொரு கிளையா ஒதுக்கி, இது எந்தத் தீவுப் பக்கம் அதிகம் கிடைக்கும், எந்த மாசத்துல நல்லா வளர்ந்திருக்கும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. குருசடை, சிங்கிலி, பூமரிச்சான், புள்ளிவாசல், மனோலி, முயல் தீவுன்னு வரிசையா வந்துச்சு. அந்தத் தீவுகளும் சேர்ந்த 21 தீவும் சுத்தியிருக்கிற கடலும் 1986-ல தேசியப் பூங்கா ஆச்சு. அதுக்கு அப்புறம் அங்க போறதுல இருந்த கஷ்டத்தையும் அம்மா சொன்னாங்க, போனாத்தான் அடுப்பு எரியும்ங்கிறதையும் சொன்னாங்க. எல்லாத்தையும் போன்ல பதிஞ்சு வச்சிருக்கேன். அதனால புதுசா ரெண்டு பக்கம் கூடுது. பக்கத்து அடியில கடல் நீலத் தாள், அது மேல தீவு ஒவ்வொண்ணும் கல் மாதிரி சின்னத் துண்டு, ஒவ்வொரு தீவு ஓரத்துலயும் அங்க கிடைச்ச பாசி, கீழ அம்மா சொன்னது அவங்க பேச்சுலயே. எழுத்து மீரா இனிமை.

கிட்டுக்கு இது வரைக்கும் என்கிட்ட வலை, வடக்கயிறு, மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, அம்மா விரல்ல சுத்துன துணி நாடா இருக்கு. நாடாவைப் போட்டோ மேல குறுக்கா கட்டுற ரிப்பனா வச்சிருக்கேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். கட்டக்கோரை இனிமேத்தான் எடுக்கணும். தம்பி, உரிஞ்ச பெயின்ட்டும் மிதவையும் நீ குடு. பெயின்ட்டைச் சாய்ஞ்ச வெயில்லயும், மிதவையை மேகமூட்டத்துல வெள்ளைத் துணி மேல வச்சும் எடு. பாய், உங்க நுரைப் படம் ஒண்ணு வேணும், கறுப்புப் பின்னணியோடயே அனுப்புங்க, ஸ்க்ரீன் மோடுல போடுங்கன்னு உரைக் கோப்புல எழுதிடறேன்.

டீச்சரம்மா, உங்க சுளகும் கொட்டானும் தனுஷ்கோடிச் சுவரும் குடுத்தா தாள் பகுதி நிறைஞ்சிடும். அனுப்புறப்ப கோப்போட பேர்லயே வெயில் இடப்பக்கமா வலப்பக்கமான்னு குறிச்சிடுங்க. இறக்கிக்கிறவங்க அதைப் பார்த்துத்தான் நிழலை எந்தப் பக்கம் விழ வைக்கணும்னு முடிவு பண்ணுவாங்க.